ஏழைகளுக்குப் பணி செய்ய மடத்தில்தான் சேர வேண்டுமா?

கேள்வி: சிங்கப்பூர் உட்லண்ட்ஸ் வாசகர், 2 மார்ச் 2025

எனக்கு 29 வயது. கப்பல் நிறுவனம் ஒன்றில் கணக்கு வேலை. சில வருஷமாகச் சனிக்கிழமை காலைகளில் ஒரு முதியோர் இல்லத்துக்குத் தொண்டு செய்யப் போகிறேன். அங்கே போய்விட்டு வந்தால்தான் அந்த வாரம் உருப்படியாகப் போனதாகத் தோன்றுகிறது. ஏழைகளுக்குப் பணி செய்யும் துறவற சபை ஏதாவதொன்றில் சேரலாம் என்று யோசிக்கிறேன். அம்மாவிடம் சொன்ன நாளிலிருந்து வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. சேர்ந்தவர்கள், சேர்ந்துவிட்டு வெளியே வந்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். 'செபம் செய்யுங்கள்' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். அதைச் செய்துகொண்டுதான் இருக்கிறேன்.

பழைய தாதி, 3 மார்ச், இரவு

வெளியே வந்தவர்களில் நான் ஒருத்தி. நவதுறவகம் என்கிற பயிற்சிக் காலம் வரை போனேன். முதல் வார்த்தைப்பாட்டுக்கு, அதாவது துறவற உறுதிமொழிக்கு, முன்பே திரும்பிவிட்டேன். எந்தச் சபை என்று கேட்க வேண்டாம், சொல்ல மாட்டேன். அப்புறம் இங்கே தாதியாக வேலை பார்த்து, இப்போது ஓய்வு.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். வயதானவர்களுக்குச் சோறூட்ட வேண்டும், குளிப்பாட்டிவிட வேண்டும், பக்கத்தில் உட்கார்ந்து பேச வேண்டும், இதுதான் ஆசை என்றால் மடம் தேவையே இல்லை. வின்சென்ட் தே பவுல் சபை இருக்கிறது. 1833இல் பாரிஸில் ஃபிரெடெரிக் ஓசானாம் என்ற 20 வயது மாணவர் நண்பர்களோடு தொடங்கியது, சிங்கப்பூருக்கு 1883இலேயே வந்துவிட்டது. பங்குக் கோயிலில் நீங்களே பார்த்திருப்பீர்கள்: பேருந்து ஓட்டுநர், ஆசிரியை, ஓய்வு பெற்ற குமாஸ்தா, பெரும்பாலும் பிள்ளைகுட்டிக்காரர்கள். இரண்டு பேராகச் சேர்ந்து வாடகை வீடுகளுக்குப் போய், உட்கார்ந்து கதை கேட்டு, வேண்டியதைச் செய்துவிட்டு வருவார்கள். ஓசானாமும் குடும்பஸ்தர்தான், ஒரு மகள் உண்டு. 1997இல் அவருக்கு, புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான அருளாளர் பட்டம் கொடுத்தார்கள். கல்யாணம் ஒரு தடையாக இருக்கவில்லை.

மடத்தில் சேர்ந்தால் ஏழைகளோடு வாழப் போகிறோம் என்றுதான் எல்லாரும் கிளம்புகிறோம். ஏழைகளைப் பகலில் சில மணி நேரம் பார்ப்போம். வாழ்வது மற்ற சகோதரிகளோடு. என்னோடு இருந்த மூத்த சகோதரி ஒருவர், நான் கழுவி வைத்த தட்டைத் தினமும் எடுத்து மறுபடி கழுவி வைப்பார். ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். படுக்கையாகக் கிடந்த பாட்டிகளுக்கு மலம் அள்ளியபோது நான் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. அந்தத் தட்டை நினைத்து செபவேளை முழுக்கக் கொதித்துக்கொண்டிருந்தேன்.

பழைய தாதி, 4 மார்ச்

'கசந்துபோய் எழுதுகிறீர்கள்' என்று ஒருவர் போட்டிருக்கிறார். கசப்பு இருந்தால் இத்தனை வருஷம் கழித்தும் கிறிஸ்துமஸ் தோறும் அந்த மடத்துக்கு முறுக்கும் பழக்கேக்கும் அனுப்பிக்கொண்டிருப்பேனா? தட்டு கழுவிய சகோதரி இறந்தபோது அழுதேன். அதையும் சேர்த்தே படித்துக்கொள்ளுங்கள்.

பழைய தாதி, 5 மார்ச், சாம்பல் புதன்

லூர்து மாதா கோயிலில் மாலைப் பூசை முடிந்து, நெற்றியில் சாம்பலோடு எம்ஆர்டி ரயிலில் உட்கார்ந்து தட்டுகிறேன். எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

'எத்தனை வருஷம் ஆகும்?' என்று கேட்டிருந்தீர்கள். சபைக்குச் சபை மாறும், ஆனால் எல்லைகளைத் திருச்சபைச் சட்டம் போட்டிருக்கிறது. முதலில் போய்வந்து பழகும் காலம், அப்புறம் மடத்திலேயே தங்கும் ஆயத்தக் காலம். அடுத்து நவதுறவகம்: 17 வயது நிரம்பியிருக்க வேண்டும், குறைந்தது 12 மாதம், வழக்கமாக இரண்டு வருஷத்துக்கு மேல் போகக்கூடாது. அது முடிந்து தற்காலிக வார்த்தைப்பாடு, மூன்று முதல் ஆறு வருஷம். தேவைப்பட்டால் ஒன்பது வரை நீட்டலாம். அதற்குப் பிறகுதான் ஆயுள் முழுவதற்குமான நித்திய வார்த்தைப்பாடு. 29இல் கிளம்பினால் அதற்குள் 35ஐத் தாண்டிவிடும். தனியாளுக்கு அரசாங்க வீவக வீடு வாங்கக் கிடைக்கும் வயதும் 35தான் என்று என் தோழி ஒருத்தி சிரிக்கிறாள்.

நவதுறவியாக இருக்கும்வரை நீங்களாகக் கிளம்பலாம், அவர்களும் அனுப்பலாம். தற்காலிக வார்த்தைப்பாட்டின் தவணை முடியும்போது புதுப்பிக்காமல் போகலாம். யாரும் கதவைப் பூட்டி வைப்பதில்லை, சினிமாவில் பார்த்ததை மறந்துவிடுங்கள். இந்தப் படிகளெல்லாம் அவசரப்பட்டு யாரும் மாட்டிக்கொள்ளக்கூடாது என்பதற்காகப் போட்டவை.

பழைய தாதி, 9 மார்ச், ஞாயிறு

அம்மாவைப் பற்றி எழுத வேண்டும் என்று நாலு நாளாக நினைக்கிறேன்.

'அம்மா அழுதால் அது நல்ல அறிகுறி, சாத்தான் தடுக்கிறான்' என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். ஐயா, உங்கள் மகள் போனால் நீங்கள் அழ மாட்டீர்களா? அம்மாவைச் சாத்தான் கணக்கில் சேர்க்காதீர்கள்.

அன்னை தெரேசா 1928இல், 18 வயதில், ஸ்கோப்யேயிலிருந்து ரயிலேறிப் போனார். அதற்கப்புறம் தன் தாயை அவர் பார்க்கவே இல்லை. தாயும் அக்காவும் அல்பேனியாவில் மாட்டிக்கொண்டார்கள், அந்த அரசு வெளியே விடவில்லை. டிரானா என்ற அந்தத் தாய் 1972இல் இறந்தார். உலகத்துக்கே அன்னை என்று பெயர் வாங்கியவர் தன் அம்மாவின் முகத்தை நாற்பது வருஷத்துக்கு மேல் பார்க்காமல் இருந்திருக்கிறார். இதை மேடையில் தியாகம் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அந்த டிரானாவின் பக்கத்திலிருந்து யாரும் பேசி நான் கேட்டதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. 1917இல் வந்த பழைய திருச்சபைச் சட்டத்தில், கடும் தேவையில் இருக்கும் தாய் தகப்பனுக்கோ தாத்தா பாட்டிக்கோ உதவ வேண்டிய கடமை உள்ள பிள்ளைகளை நவதுறவகத்தில் சேர்க்கக்கூடாது என்று வெளிப்படையாகவே இருந்தது. 1983இல் வந்த புதிய சட்டத்தின் தடைப் பட்டியலில் அது இல்லை. ஆனால் சிங்கப்பூர்ச் சட்டத்தில் வேறு மாதிரி வந்துவிட்டது: 1995இன் பெற்றோர் பராமரிப்புச் சட்டப்படி, 60 வயது நிரம்பி, தன்னைத் தானே பார்த்துக்கொள்ள முடியாத பெற்றோர் பிள்ளைகளிடம் பராமரிப்புக் கேட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். உங்கள் அம்மா போவார் என்று சொல்லவில்லை. ஆனால் 'இவரை யார் பார்த்துக்கொள்வது?' என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் பெட்டி கட்ட வேண்டாம். தம்பி தங்கை உண்டா, அவர்கள் என்ன சொல்கிறார்கள், அதை நீங்கள் எழுதவே இல்லையே?

என் அம்மா என்ன செய்தார் தெரியுமா? நான் இந்தியாவில் மேல்படிப்பு படிக்கிறேன் என்று சொந்தக்காரர்கள் எல்லாரிடமும் சொல்லி வைத்தார். நான் திரும்பி வந்ததும் என்ன பட்டம் வாங்கினாய் என்று பெரியப்பா கேட்டார். அம்மா சட்டென்று பேச்சை மாற்றி அவருக்கு இன்னொரு கோப்பி ஊற்றினார்.

பழைய தாதி, 12 மார்ச்

பண விஷயம். கேட்கக் கூச்சப்படுகிறார்கள், அதனால் நானே எழுதுகிறேன்.

கடன் இருந்தால் முதலில் அதை முடியுங்கள். கட்ட முடியாத கடனோடு வருகிறவர்களைச் சேர்க்கக்கூடாது என்று திருச்சபைச் சட்டமே சொல்கிறது. பல்கலைக்கழகக் கட்டணத்தை அப்பாவின் மத்திய சேமநிதியிலிருந்து எடுத்துக் கட்டியிருந்தீர்களா? அதுவும் கடன்தான். அவர் கணக்குக்கு வட்டியோடு திரும்பிப் போக வேண்டும். அப்பா பெருந்தன்மையாக 'பரவாயில்லைம்மா' என்பார். பரவாயில்லை என்று விட்டுவிடாதீர்கள்.

'சேமநிதிப் பணம் மடத்துக்குப் போய்விடுமா?' இது உங்கள் அம்மாவுக்கும் இருக்கும் பயம். போகாது. முதல் வார்த்தைப்பாட்டுக்கு முன்னால் உங்கள் சொத்தை நிர்வகிக்கும் பொறுப்பை நீங்கள் விரும்பும் யாரிடமாவது ஒப்படைக்க வேண்டும், தம்பியாக இருந்தாலும் சரி. பெரும்பாலான சபைகளில் உடைமை உங்கள் பெயரிலேயே இருக்கும், அனுபவிக்கத்தான் முடியாது. நித்திய வார்த்தைப்பாட்டுக்கு முன், நாட்டுச் சட்டப்படி செல்லும் உயில் எழுதியாக வேண்டும். இங்கே ஒரு சிக்கல்: சேமநிதிப் பணம் உயிலுக்குள் வராது, வாரிசு நியமனத்தைத் தனியாகச் செய்ய வேண்டும்.

சேர்ந்த பிறகு உங்கள் உழைப்பால் வரும் சம்பளமோ வேறு வருமானமோ சபைக்குப் போகும். இடையில் வெளியே வந்தால், செய்த வேலைக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்த்துக் கேட்க முடியாது. நியாயத்தோடும் அன்போடும் நடந்துகொள்ள வேண்டும் என்று சட்டம் சபைக்குச் சொல்கிறது, அந்த அன்பு ஆளுக்கு ஆள் வேறுபடும். எனக்கு விமான டிக்கெட்டும் ஒரு சேலையும் கொடுத்தார்கள். நன்றாகவே அனுப்பி வைத்தார்கள்.

பழைய தாதி, 13 மார்ச்

'உங்களுக்குக் கொடுத்தது நீலக்கரை வெள்ளைச் சேலையா?' என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை, நீலக்கரை வெள்ளைச் சேலை அல்ல. அது அன்னை தெரேசா சபையினர் உடுத்துவது, கொல்கத்தா பக்கம் டிட்டாகரில் தொழுநோயாளர் மையத்தில் நெய்கிறார்கள். எனக்குக் கொடுத்தது மாம்பழ மஞ்சளில் பூப்போட்டது. யார் தேர்ந்தெடுத்தார்களோ.

பழைய தாதி, 18 மார்ச்

முதல் நாள் எழுதியதில் ஒரு வாசகி கை வைத்திருக்கிறார். 'சனிக்கிழமை போகிறவர்கள் சனிக்கிழமை மட்டும்தான் போவோம். செவ்வாய்க்கிழமை ராத்திரி மூன்று மணிக்கு அந்தப் பாட்டி கூப்பிட்டால் யார் வருவார்?' என்கிறார்.

நானும் இரண்டு நாளாக இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். இரவு வேலை பார்த்தவள் நான். மூன்று மணிக்கு வந்தேன், சம்பளத்துக்கு வந்தேன், காலை ஏழரைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். அதில் தப்பே இல்லை. ஆனால் யாரும் வர விரும்பாத இடத்துக்கு முதலில் போவதற்குச் சம்பளம் மட்டும் போதாது. 1949இல் தெய்வீகத் தாய்மையின் பிரான்சிஸ்கன் சபைச் சகோதரிகள் இங்கே வந்து, டான் டோக் செங் மருத்துவமனையில் காசநோயாளிகளையும் டிராஃபல்கர் இல்லத்தில் தொழுநோயாளிகளையும் பார்த்துக்கொண்டார்கள். பெற்ற பிள்ளையே எட்டி நின்று பேசிய காலம் அது. அதே சகோதரிகள்தான் பிறகு 1961இல் மவுண்ட் அல்வெர்னியா மருத்துவமனையைத் திறந்தார்கள். தீராத நோயாளிகளுக்கான அசிசி இல்லத்தை 1969இல் தொடங்கியதும் அவர்கள்தான்.

குடும்பம் உள்ளவளால் தொழுநோய் இல்லத்தில் போய்க் குடியிருக்க முடியாது. சபையால் முடியும், ஒருத்தி விழுந்தால் இன்னொருத்தியை அனுப்பும். ஆகவே மடம் தேவையில்லை என்று நான் சொன்னது சோறூட்டுவதற்குப் பொருந்தும், அங்கேயே குடியிருப்பதற்குப் பொருந்தாது. இதுவரைதான் இறங்கி வருவேன். தட்டு கழுவும் சகோதரி விஷயத்தில் மாட்டேன்.

பழைய தாதி, 25 மார்ச், மங்கள வார்த்தை திருநாள்

இன்றைக்கு உலகம் முழுவதும் பிறரன்பின் புதல்வியர் தங்கள் வார்த்தைப்பாட்டைப் புதுப்பித்துக்கொள்வார்கள். 1633இல் பாரிஸில் புனித வின்சென்ட் தே பவுலும் லூயிஸ் தே மரியாக்கும் தொடங்கிய அமைப்பு. இவர்களுக்கு நித்திய வார்த்தைப்பாடே கிடையாது. ஒவ்வொரு வருஷமும் ஒரு வருஷத்துக்கு. அந்தக் காலத்தில் கன்னியர் என்றால் மதிலுக்குள் அடைந்து கிடக்க வேண்டும், தெருவில் இறங்கி நோயாளி வீட்டுக்குப் போக முடியாது. வின்சென்ட் கெட்டிக்காரர். இவர்கள் கன்னியர் இல்லை என்று சொல்லிவிட்டார், மதிலும் இல்லாமல் போய்விட்டது.

எனக்கு இந்த வழி ரொம்பப் பிடித்திருக்கிறது. 80 வயதுக் கிழவியும் இன்றைக்குக் காலையில் மறுபடி 'சரி' என்று சொல்லியிருப்பாள். கல்யாணத்துக்கும் இப்படி ஒன்று வைத்தால் என்ன என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். பேப்பரை இறக்காமலேயே, 'எந்த மாதம்?' என்றார்.

பழைய தாதி, 30 மார்ச்

'கன்னியர் எல்லாம் பணக்காரப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்துகிறவர்கள், ஏழையாவது ஒன்றாவது' என்று எழுதியவருக்கு.

பாதி சரி. குழந்தை இயேசு சகோதரிகளின் வேர் 1662இல் பிரான்சின் ரூவான் நகரில், தெருவில் திரிந்த ஏழைப் பிள்ளைகளுக்காக நிக்கோலா பாரே தொடங்கிய சின்னப் பள்ளிகளில் இருக்கிறது. 1854இல் சிங்கப்பூருக்கு வந்தார்கள். விக்டோரியா ஸ்திரீட் மடத்து வாசலில் பச்சைக் குழந்தைகளைக் கூடையில் வைத்துவிட்டுப் போவார்கள், சகோதரிகள் எடுத்து வளர்ப்பார்கள். 1983இல் பள்ளி தோ பாயோவுக்கு மாறியது. பழைய இடம் இப்போது சைம்ஸ்: சாப்பாட்டுக் கடைகள், கல்யாண மண்டபம். போன வருஷம் என் தோழியின் மகன் கல்யாண விருந்து அங்கேதான் நடந்தது. நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, வெளியே வரும்போது, குழந்தைகளை வைத்துவிட்டுப் போன அந்தச் சின்னக் கதவைக் காட்டினால், பக்கத்தில் நின்ற பெண் அதை ஒட்டி நின்று படம் எடுத்துக்கொண்டாள்.

ஆனால் ஏழைகளுக்கென்று தொடங்கிய பள்ளி நல்ல பள்ளி ஆனதும் எல்லாரும் தேடி வருவது சகோதரிகளின் குற்றமா என்று தெரியவில்லை. அந்தப் பள்ளியில் படித்த ஏழைத் தமிழ்ப் பிள்ளைகளில் நானும் ஒருத்தி. புத்தகம் இலவசமாகத்தான் கிடைத்தது.

உண்மையான கவலை வேறு. இங்கே சேர ஆள் இல்லை. அப்பர் தாம்சன் ரோட்டில் இருக்கும் புனித தெரேசா இல்லத்தை 1935இல் தொடங்கியவர்கள் ஏழைகளின் சின்ன சகோதரிகள். 2003இல் கத்தோலிக்க நலச்சேவை அமைப்பிடம் ஒப்படைத்துவிட்டுப் போய்விட்டார்கள். இல்லம் நன்றாக நடக்கிறது, போன செப்டம்பரில் போப் பிரான்சிஸ் அங்கே போய் முதியவர்களைப் பார்த்தார். சகோதரிகள்தான் இல்லை.

பழைய தாதி, 6 ஏப்ரல்

ஆண்களுக்கு உண்டா என்று கேட்ட தம்பிக்கு: உண்டு. அன்னை தெரேசாவின் சபைக்கு 1963இலிருந்து சகோதரர்கள் பிரிவு இருக்கிறது. இங்கேயே புனித கபிரியேல் சபைச் சகோதரர்கள் 1948இல் ஏழைச் சிறுவர்களுக்காகப் பாய்ஸ் டவுனைத் தொடங்கினார்கள். முதலில் தேசிய சேவையை, அதான் ஆண்களுக்கான கட்டாய ராணுவப் பயிற்சியை, முடித்துவிட்டு வாருங்கள். கீழ்ப்படிதல் ஒத்துவருமா என்று அங்கேயே பாதி தெரிந்துவிடும்.

பழைய தாதி, 12 ஏப்ரல்

'நீங்கள் ஏன் வெளியே வந்தீர்கள்?' தட்டுக்காகவா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லைம்மா.

என்னை முதலில் முதியோர் பிரிவில் போட்டார்கள். பெரும்பாலும் தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பக்கத்துப் பாட்டிகள். எனக்கு அவர்கள் உயிர். ஒரு நாள் மடத்துத் தலைவி கூப்பிட்டார்: உனக்கு ஆங்கிலம் வருகிறது, தட்டச்சும் தெரியும், நாளையிலிருந்து அலுவலகத்துக்குப் போ. நன்கொடையாளர்களுக்குக் கடிதம், கணக்குப் புத்தகம். அவர் கேட்டதில் அநியாயம் எதுவும் இல்லை. யாராவது செய்ய வேண்டிய வேலை, எனக்குத்தான் செய்யத் தெரியும். ஜன்னலைத் திறந்தால் பாட்டிகள் வெயில் காய்வது தெரியும். நான் ஜன்னலைச் சாத்திவிட்டுத் தட்டச்சு செய்தேன்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் தேடிப் போனது பாட்டிகளை. அந்த வாழ்க்கையை அல்ல. பாட்டிகளை எடுத்துவிட்டால் அங்கே எனக்கு ஒன்றும் மிச்சமில்லை. என்னோடு இருந்த என் வயதுப் பெண்ணுக்கு அப்படி இல்லை. அவளையும் பள்ளியிலிருந்து எடுத்து அடுப்படியில் போட்டார்கள். இரண்டு நாள் முகம் வாடிக் கிடந்தாள். அப்புறம் வெங்காயம் அரிந்துகொண்டே பாடினாள். அவள் இன்றைக்கும் அங்கே இருக்கிறாள்.

ஏழைகளின் சின்ன சகோதரிகளை நிறுவிய ஜான் ஜுகான் கதையைப் பாருங்கள். 1839இல் பிரான்சில் கண் தெரியாத ஒரு கிழவியைத் தூக்கி வந்து தன் கட்டிலில் படுக்க வைத்தார், சபை அப்படித் தொடங்கியது. நாலே வருஷத்தில், சகோதரிகள் தேர்ந்தெடுத்தும், குருவானவர் ஒருவர் அவரைத் தலைமைப் பதவியிலிருந்து இறக்கி வேறு ஒருவரை உட்காரவைத்தார். பிச்சை எடுக்க மட்டும் அனுப்பினார்கள். 1852இல் அதுவும் நின்றது. கடைசி 27 வருஷம் தலைமை மடத்தில் ஒரு மூலையில் இருந்தார். கூட இருந்த நவதுறவிகளுக்கு இவர்தான் சபையைத் தொடங்கியவர் என்றே தெரியாது. 1879இல் இறந்தார், 2009இல்தான் புனிதர் பட்டம்.

இதைச் சொல்லிக் கீழ்ப்படிதலுக்குப் பெருமை சேர்ப்பவர்கள் உண்டு. எனக்கு அந்தக் குருவானவர் மேல் இன்னமும் கோபம்தான். ஆனால் அந்த அம்மாள் கிளம்பிப் போகவில்லை. ஏழைகளைத் தன்னிடமிருந்து எடுத்த பிறகும் அங்கே அவருக்கு ஏதோ இருந்திருக்கிறது. எனக்கு இருக்கவில்லை. நீங்கள் உங்களிடம் கேட்டுப் பார்க்க வேண்டியது இதைத்தான்: அந்த முதியோர் இல்லத்தை எடுத்துவிட்டு, ஏதோ ஊரில் ஒரு கணக்குப் புத்தகத்தைக் கொடுத்தால் இருப்பீர்களா? உங்கள் வேலையே கணக்குதான். முதல் நாளே அலுவலகத்தில் போடுவார்கள், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய தாதி, 22 ஏப்ரல்

நேற்று போப் பிரான்சிஸ் காலமானார். இன்று எதுவும் எழுத ஓடவில்லை. கேள்வி கேட்டவர் தனிமடலில் எழுதியிருக்கிறார்: அம்மா பேச ஆரம்பித்துவிட்டாராம். திட்டத்தான். ஆனாலும் பேச்சு.

பழைய தாதி, 26 ஏப்ரல்

கேள்வி கேட்டவர் ஜூனில் ஒரு சபைக்கு, சில நாள் தங்கிப் பார்க்கும் 'வந்து பார்' நாட்களுக்குப் போகிறார். அவருக்கு: வேலையை விட்டுவிட்டுப் போக வேண்டாம், ஆண்டு விடுப்பு எடுத்துப் போங்கள். தலைவியிடம் கேட்க மூன்று விஷயம்: நோய் வந்தால் மருத்துவச் செலவு யார் பொறுப்பு, வீட்டுக்கு எப்போதெல்லாம் வரலாம், அம்மா படுத்துவிட்டால் என்ன நடைமுறை. முகம் சுளிக்காமல் பதில் சொல்கிறாரா என்று பாருங்கள். போகும் முன் பல் மருத்துவரிடம் போய்விடுங்கள். நவதுறவகத்தில் கடைவாய்ப் பல் வலித்து, கிராம்புத் தைலத்தை வைத்துக்கொண்டு ஒரு தவக்காலம் முழுக்க நான் பட்ட பாடு போதும்.

நெத்திலி சம்பல் கொண்டுபோகலாமா என்று கடைசியில் கேட்டிருக்கிறார். தாராளமாக. பெரிய போத்தலாக எடுத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டு மேசையில்தான் வைக்க வேண்டியிருக்கும், நாகர்கோவில் பெண்கள் இருந்தால் மத்தியானத்துக்குள் காலி.